ஒருவர் கையெழுத்துப் போதும்

என் பெயர் ஐசா. ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் இருக்கிற எங்கள் அர்ப்ரோத்தில் எனக்கு முன்னால் எத்தனையோ ஐசாக்கள் பிறந்து, மணமாகி, பிள்ளை பெற்றுப் போய்ச் சேர்ந்தார்கள். ஒருத்திக்கும் இந்தப் பெயரால் தொல்லை வந்ததில்லை. எனக்குத்தான் வந்தது. 1999-இல் அரசாங்கம் வரியில்லாத தனிநபர் சேமிப்புக் கணக்கு ஒன்றைக் கொண்டுவந்து, அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஐசா என்று பெயர் வைத்தது. எழுத்தும் அதே, உச்சரிப்பும் அதே. அப்போது நான் ஹை ஸ்ட்ரீட் வங்கிக் கவுண்டரில் பதின்மூன்று வருஷம் பழுத்தவள். மார்பில் ஐசா என்று பெயர்ப்பட்டை, தலைக்கு மேல் ஐசா என்று விளம்பரப் பலகை. கேட்க வேண்டுமா?

"ஐசாவுல போட்டா என்ன கிடைக்கும்?" என்பான் ஒருவன். "ஐசாவ வேற பேங்குக்கு மாத்திக்கலாமா?" என்பான் அடுத்தவன். "ஐசாவ மூடணும்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, உலகத்திலேயே தான்தான் முதலில் கண்டுபிடித்த மாதிரி சிரிப்பான் மூன்றாமவன். "கணக்க மூடலாம், வாய மூட முடியாது, கையெழுத்துப் போடுங்க" என்பேன். அந்தக் கையெழுத்து பாஸ்போர்ட்டில் இருப்பதோடு பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன். சிரித்தாலும் சரி, அழுதாலும் சரி. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தப்புக் கையெழுத்துகூட என் ஜன்னலைத் தாண்டி உள்ளே போனதில்லை.

அந்த ஜோக்கைச் சொல்லாத ஒரே ஆள் ஜீம்ஸ் ஸ்வாங்கி.

பாரத்தில் ஜேம்ஸ், ஊருக்கு ஜீம்ஸ். துறைமுகத்தில் சிறிய படகு வைத்துச் சிங்கி இறால் பிடிப்பவர். வருஷத்துக்கு ஒருமுறை, ஏப்ரல் ஐந்தாம் தேதி, வரி வருஷம் முடிகிற கடைசி நாளில் வருவார். பாரத்தில் 'எந்தக் கணக்கு' என்ற இடத்தில் ஐசா என்று கட்டை எழுத்தில் எழுதி நீட்டுவார். படகில் கயிறு இழுக்கும் வின்ச்சில் ஒரு விரல் நசுங்கியதிலிருந்து அவருக்கு எழுத்தைச் சேர்த்து எழுத வராது. பணத்தைக் கட்டுவார், தலையாட்டுவார், போய்விடுவார். சரியான கல்லுளிமங்கன்.

நான்காவது வருஷம் பணத்தோடு ஒரு செய்தித்தாள் பொட்டலத்தையும் கவுண்டரில் வைத்தார். பொட்டலம் நகர்ந்தது. வாடிக்கையாளர் எது கொடுத்தாலும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. எழுதினேன்: 'சிங்கி இறால், ஒன்று, உயிருடன்.' மேலாளர் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. என் கணவர் இறந்து அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்த இறாலை நான் தனியாகச் சாப்பிடவில்லை என்பது மட்டும் போதும் உங்களுக்கு. அதன் பிறகு ஆறு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் ஜீம்ஸ் வீட்டில் மதியச் சாப்பாடு.

காதல் வேறு, கணக்கு வேறு. காதலில் எனக்கு அவரோடு சண்டையே இல்லை. கணக்கில் இரண்டு வருஷமாகச் சண்டை.

ஏனென்றால், எங்கள் வங்கி வட்டி தரும் நடப்புக் கணக்கு ஒன்றை ஆரம்பித்திருந்தது. இருபதாயிரம் பவுண்டு வரைக்கும் நூற்றுக்கு மூன்று. ஐசாவில் அப்போது ஒன்று புள்ளி நாலு. ஜீம்ஸுக்கு ஐசாவில் சரியாக இருபதாயிரம் இருந்தது. வருஷத்துக்கு அவருக்கு வந்த வட்டி இருநூற்று எண்பது. நடப்புக் கணக்கில் போட்டிருந்தால் அறுநூறு. மாதக் கட்டணம் இரண்டு பவுண்டைக் கழித்தாலும் ஐநூற்று எழுபத்தாறு. இதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நிபந்தனை இரண்டே இரண்டு: மாதம் ஐநூறு பவுண்டு உள்ளே வர வேண்டும், அவரவர் பெயரில் தானாகக் கழிகிற பில் இரண்டு இருக்க வேண்டும்.

"யோவ், வரியில்லா கணக்கு வரி கட்டறவங்களுக்கு. நீ என்னைக்கு வரி கட்டின? உன் பென்ஷனும் இறால் காசும் சேந்தா வரம்பு பக்கத்துலகூட வராது. வரி கட்டாதவன்னு ஒரு தாள் எழுதிக் குடுத்தா அந்த வட்டியும் பிடித்தமில்லாம முழுசா வரும். நீ செய்யறது வீட்டுக்குள்ள உக்காந்து குடை பிடிக்கற மாதிரி இருக்கு!"

"குடை நல்லாத்தான இருக்கு" என்பார் ஜீம்ஸ். அவ்வளவுதான். வருஷத்துக்கு முந்நூறு பவுண்டைக் கடலில் வீசிவிட்டு நிம்மதியாக உருளைக்கிழங்கைத் தோலுரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2014 மார்ச்சில் மூன்று விஷயம் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஏப்ரல் முடிவில் எனக்கு ஓய்வு. நான் இருந்த மாடி வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கப் போவதாகக் கடிதம் அனுப்பினார். ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில், பெர்த்தில் இருக்கும் என் தங்கை, "மேல ஒரு ரூம் காலியா கிடக்கு, வந்துடு. ஆனா ஈஸ்டருக்கு முன்னாடி சொல்லு, இல்லன்னா வாடகைக்கு விட்டுடுவேன்" என்றாள். பெர்த் நல்ல ஊர்தான். ஆனால் கடல் இல்லை, ஜீம்ஸும் இல்லை.

ஜீம்ஸ் தன் வாயால் கேட்டார். அதைச் சொல்லாவிட்டால் பாவம். "இங்கயே வந்துடேன்" என்றார், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

மார்ச் முப்பதாம் தேதி ஞாயிறு. மேசையில் புகை போட்ட ஹாடக் மீன், வெண்ணெய் உருகி ஓடிக்கொண்டிருந்தது. நான் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு என் நிபந்தனையைச் சொன்னேன்.

"வர்றேன். ஆனா வாடகைக்கு இருக்கறவளா வரமாட்டேன். விருந்தாளியாவும் வரமாட்டேன். ஆளுக்குப் பத்தாயிரம் போட்டு ஒரு ஜாயிண்ட் அக்கவுண்ட் திறப்போம். நடப்புக் கணக்கு. இருபதுக்கும் மூணு பர்சண்ட். என் பாதி வட்டிக்கு வரி போகும், போகட்டும். கரண்ட், கேஸ், மீனு, ரொட்டி எல்லாம் அதுலேர்ந்து. ரெண்டு பேர் பேரும் அதுல இருக்கணும்."

ஜீம்ஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஐசாவுலேர்ந்து எடுக்கணுமா?"

"பாதி. பத்தாயிரம்."

"எடுத்தா திரும்ப உள்ள போகாதே."

"போகாது. வருஷத்துக்கு இவ்வளவுதான் போடலாம்னு வரம்பு இருக்கே. எடுத்தது எடுத்ததுதான்."

"ஐசாவையே ஜாயிண்டா மாத்த முடியாதா?"

"முடியாது. சட்டத்துலயே இடமில்ல. அதோட பேர்லயே தனிநபர்னு இருக்கு. ஒரு ஆளு, ஒரு பேரு."

"அதுக்காகத்தான் அதத் திறந்தேன்" என்றார் ஜீம்ஸ்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருஷமாக நான் இந்த மனிதனிடம் வட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கு வட்டி ஒரு பொருட்டே இல்லை. வரியும் இல்லை. வேறு யாருடைய பெயரும் நுழைய முடியாத கணக்கு, அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

நெட்டாவின் கதை ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் அவர் வாயால் கேட்டதில்லை. அன்று சொன்னார், எண்ணிப் பத்து வாக்கியத்தில். 1991. அவரும் மனைவி நெட்டாவும் வேறொரு வங்கியில் வைத்திருந்த ஜாயிண்ட் கணக்கு. படகுக்குப் புது என்ஜின் வாங்க நாலாயிரத்து நூறு பவுண்டு சேர்த்திருந்தார்கள். அவர் கடலில் இருந்த ஒரு வியாழக்கிழமை நெட்டா வங்கிக்குப் போனாள். பணம் முழுவதையும் எடுத்தாள். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட வந்தவனோடு ஸ்பெயினுக்குப் போனாள்.

"மறுநாள் பேங்க்ல போய்க் கேட்டேன். பாரத்த எடுத்துக் காட்டினாங்க. யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போதும்னு அந்தக் கட்டத்துல டிக் போட்டிருந்தது. போட்டவன் நான்."

"ஜன்னலாவது போட்டுட்டுப் போனானா?"

"ஒண்ணு போட்டான். அது இன்னும் ஒழுகுது."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், சிரித்தபடியே எழுந்து போய்க் கெட்டிலை வைத்தார். அவர் முதுகைப் பார்த்தபோது எனக்கு மனசு இளகியது. அதே சமயம் கோபமும் வந்தது. நெட்டா செய்ததற்கு நான் ஏன் இருபத்துமூன்று வருஷம் கழித்துத் தண்டம் கட்ட வேண்டும்? நான் என்ன ஜன்னல்காரனையா பார்த்து வைத்திருக்கிறேன்?

கைப்பையைத் திறந்தேன். நான் தயாராகத்தான் வந்திருந்தேன். இரண்டு பாரத்தை மேசைமேல் வைத்தேன்.

"இது இந்த வருஷ ஐசா பாரம். இது ஜாயிண்ட் பாரம். பயமா இருந்தா இங்க பாரு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல டிக் போடு. நீ இல்லாம என்னால ஒரு பென்னிகூட எடுக்க முடியாது. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"ஐசா..."

"இரு, முடிக்கல. சனிக்கிழமை ஏப்ரல் அஞ்சு. நாங்க பன்னண்டு மணிக்கு மூடிடுவோம். எந்தத் தாளோட வர்றியோ அதுதான் பதில். ஜாயிண்ட்டுன்னா ரெண்டு பில் கொண்டு வா. ஐசா தாளா இருந்தா காச வாங்கிப் போட்டுட்டு, அன்னைக்கே என் தங்கச்சிக்கு போன் பண்ணிடுவேன். கோவிச்சுக்க மாட்டேன். கெஞ்சவும் மாட்டேன்."

கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மீனைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததில் மட்டும் எனக்கு வருத்தம்.

வார நாட்கள் முழுவதும் நான் அவரைப் பார்க்கப் போகவில்லை, அவரும் வரவில்லை. வருவார் என்றே நம்பினேன். நான் கணக்கில் தப்புவதில்லை, ஆளைக் கணிப்பதிலும் தப்புவதில்லை. இருந்தாலும் வெள்ளிக்கிழமை பெர்த்துக்கு ரயில் நேரம் பார்த்து வைத்தேன். பார்த்து வைப்பதில் என்ன குற்றம்?

சனிக்கிழமை. ஏப்ரல் ஐந்து எங்களுக்குத் திருவிழாக் கூட்டம். வருஷம் முழுக்கத் தூங்கிவிட்டுக் கடைசி மூன்று மணி நேரத்தில் ஐசாவில் போட ஊரே ஓடி வரும். என் பக்கத்து ஜன்னலில் கிர்ஸ்டீன். முப்பது வயது, கைவிரல் பறக்கும், வாயும் பறக்கும். அவளுக்கு எல்லாம் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் அர்ப்ரோத் முழுக்கத் தெரியும்.

"வந்தாச்சா?" என்றாள் பத்தரைக்கு.

"வேலையப் பாரு."

"வந்தாச்சா?" என்றாள் பதினொன்றே காலுக்கு.

"கிர்ஸ்டீன், நீ ஒரு பூஜ்யம் கூடுதலா அடிச்சிருக்க."

பதினொன்று ஐம்பதுக்குக் கதவு திறந்தது. ஜீம்ஸ். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தார், காலில் மட்டும் படகு பூட்ஸ். வரிசையில் கடைசியாகப் போய் நின்றார். அவருக்கு முன்னால் மிஸஸ் டத்தி, பேக்கரிக்காரி, தான் நினைத்ததை எல்லாம் சத்தமாகச் சொல்லும் வரம் பெற்றவள். வரிசை நகர்ந்தது. மிஸஸ் டத்தி கிர்ஸ்டீன் ஜன்னலுக்குப் போனாள். ஜீம்ஸ் என் முன்னால் வந்தார்.

நாலாக மடித்த ஒரு தாளைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினார். ஈரம், மீன் வாசனை. மடிப்பின் வெளிப்பக்கத்தில் கட்டை எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை தெரிந்தது. ஐசா.

சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

ஒன்பது வருஷமாக அந்த எழுத்தைப் பார்த்தவள் நான். தாளைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. கெஞ்ச மாட்டேன் என்று சொல்லியிருந்தேன், அதனால் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு அவருடைய ஐசா கணக்கைத் திறந்தேன்.

"எவ்வளவு?"

"பத்து."

"பத்தா? பத்தாயிரமா? வருஷ வரம்பு ஐயாயிரத்து எழுநூத்தி அறுபது, மிஸ்டர் ஸ்வாங்கி. ஒன்பது வருஷமா வர்றீங்க. இதுகூடத் தெரியாதா?"

நான் அவரை மிஸ்டர் ஸ்வாங்கி என்று கூப்பிட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. பக்கத்து ஜன்னலில் கிர்ஸ்டீனின் விரல்கள் நின்றன.

"எடுக்கறதுக்குக்கூட வரம்பு இருக்கா?" என்றார் ஜீம்ஸ்.

"எடுக்கறதா? எத எடுக்கறது? வளவளன்னு பேசாதீங்க, பின்னால ஆளு நிக்கறாங்க."

பின்னால் ஒரு ஈ காக்கைகூட இல்லை. ஜீம்ஸ் திரும்பிப் பார்த்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து இன்னும் இரண்டு காகிதத்தை எடுத்து வைத்தார். ஒன்று மின்சார பில். இன்னொன்று துறைமுக உயிர்காப்புப் படகுக்கு மாதம் மூன்று பவுண்டு நன்கொடை, கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி எழுதிக் கொடுத்த ரசீது. தேதி வியாழக்கிழமை.

"கரண்ட் பில்ல எதுக்கு என் மூஞ்சில நீட்டறீங்க?"

"ரெண்டு பில் வேணும்னு நீதான சொன்ன. என்கிட்ட ஒண்ணுதான் இருந்தது. அதான் போய் இன்னொண்ணு வாங்கிட்டு வந்தேன்."

ஐசா கணக்குக்கு பில் எதற்கு? ஒரு பில்லும் வேண்டாம். தாளைப் பிரித்தேன். அவசரத்தில் ஓரம் கொஞ்சம் கிழிந்தது. மேலே கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது: கூட்டு நடப்புக் கணக்கு. முதல் பெயர், ஜேம்ஸ் ஸ்வாங்கி. அதற்குக் கீழே, இரண்டாம் பெயர் என்ற கட்டத்துக்குள், கட்டை எழுத்தில்: ஐசா.

அடக் கடவுளே! பதினைந்து வருஷமாக இந்த ஊரில் என் பெயரையும் அந்தக் கணக்கையும் குழப்பியவர்களை எல்லாம் கிண்டல் செய்தவள் நான். கடைசியில் என் பெயரை நானே கணக்கு என்று படித்திருக்கிறேன்.

"என்ன, தப்பா எழுதிட்டேனா?" என்றார் ஜீம்ஸ்.

"இல்லய்யா. சரியாத்தான் இருக்கு" என்றேன். மிஸ்டர் ஸ்வாங்கி போன இடம் தெரியவில்லை.

ஆனால் எல்லாம் சரியாக இல்லை. கீழே இரண்டு கட்டம். 'யாராவது ஒருவர் கையெழுத்துப் போதும்.' 'இருவரும் கையெழுத்திட வேண்டும்.' இரண்டும் காலியாக இருந்தன. பேனாவை வைத்து வைத்து எடுத்த புள்ளிகள் மட்டும் ஓரத்தில் இருந்தன. அந்த இடத்தில் அவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அந்தப் புள்ளிகளே சொல்லின.

சொந்தக் கணக்கை நாங்களே கையாளக் கூடாது என்பது விதி. என் ஜன்னலின் திரையை இழுத்து விட்டேன். பக்கக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு நாளும் நான் நின்றதில்லை. கவுண்டர் இவ்வளவு உயரம் என்றே எனக்குத் தெரியாது. ஜீம்ஸ் பக்கத்தில் போய் நின்றேன். கிர்ஸ்டீன் ஜன்னலுக்கு இரண்டு பேரும் நகர்ந்தோம். வேலை முடிந்த மிஸஸ் டத்தி போகவில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டு நின்றாள்.

கிர்ஸ்டீன் தாளை வாங்கி, நான் சொல்லிக் கொடுத்த அதே முகத்தோடு பார்த்தாள்.

"மன்னிக்கணும். இந்தப் பாரம் செல்லாது. கிழிஞ்சிருக்கு. அதோட பாஸ்போர்ட்ல உள்ள முழுப்பேர் வேணும். ஐசான்னு மட்டும் எழுதக் கூடாது. இசபெல்லா மார்கரெட் ரென்னி."

ஜீம்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்கு மேலயும் இருக்கா இவ?"

"ஐசாவுலேர்ந்து பத்தாயிரம் எடுக்கறோம், மிஸ்டர் ஸ்வாங்கி. மிச்சப் பத்து அங்கயே இருக்கட்டுமா? இல்ல, ஐசாவயே மூடிடலாமா?"

ஜீம்ஸ் தொண்டையைக் கனைத்தார். "நான் ஆறு வருஷமா பாக்கறேன், பொண்ணே. மூட முடியல."

மிஸஸ் டத்தி கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதினைந்து வருஷமாக எனக்குச் சலித்துப்போன அதே ஜோக். அன்றைக்கு நானும் சிரித்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கிர்ஸ்டீன் புதுப் பாரம் எடுத்தாள். எங்கள் இரண்டு முழுப்பெயரையும் எழுதினாள். பிறகு பாரத்தை ஜீம்ஸ் பக்கம் திருப்பி, பேனாவை அதன்மேல் வைத்தாள்.

"இந்த ஒரு இடம் மட்டும் நீங்களேதான் போடணும். பணம் எடுக்க ஒருத்தர் கையெழுத்துப் போதுமா, ரெண்டு பேரும் போடணுமா?"

ஜீம்ஸ் பேனாவை எடுத்தார். நசுங்கிய விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் அது நின்றது. பாரத்தின்மேல் வந்து, அசையாமல் நின்றுவிட்டது. சுவரில் கடிகாரம் பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் காட்டியது.

"ரெண்டு பேரும்னே போடு, ஜீம்ஸ்" என்றேன். "எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

பொய். வருத்தம் இருந்தது. அவர் அந்தக் கட்டத்தில் டிக் போட்டிருந்தாலும் நான் அவர் வீட்டுக்குப் போயிருப்பேன், சந்தோஷமாகவே இருந்திருப்பேன். ஆனால் நெட்டாவும் அந்த வீட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும்.

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் ஜீம்ஸ். முதல் கட்டத்தில் டிக் போட்டார். யாராவது ஒருவர் கையெழுத்துப் போதும். தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டார்.

மிஸஸ் டத்தியால் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க முடியும்?

"பாத்துப்பா, ஜீம்ஸ்! நீ கடலுக்குப் போன நேரமாப் பாத்து இவளும் போய் ஸ்பெயினுக்கு டிக்கெட் வாங்கிடப் போறா!"

கிர்ஸ்டீனின் முகம் வெளுத்தது. நான் அந்தப் பொம்பளையை நோக்கித் திரும்பினேன். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. நான் சொல்வதற்குள் ஜீம்ஸ் பேனாவை மூடி கிர்ஸ்டீனிடம் கொடுத்தார்.

"வாங்கினா ரெண்டா வாங்கச் சொல்லு" என்றார். "நான் அந்த ஊரப் பாத்ததே இல்ல."

மிஸஸ் டத்தி கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு, நல்ல நாள் ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். கிர்ஸ்டீன் கதவைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். என் பாஸ்போர்ட்டைக் கேட்டாள். பன்னிரண்டு வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து என் பிஸ்கட்டைத் தின்றவள் என் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இங்க கையெழுத்துப் போடுங்க, மிஸஸ் ரென்னி."

போட்டேன். ஜீம்ஸ் என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோட்டிலிருந்து உப்பு வாசனை வந்தது. கிர்ஸ்டீன் பாரத்தைப் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கையெழுத்து பொருந்தலயே. ரொம்ப ஆடியிருக்கு. விதி தெரியும்ல உங்களுக்கு? மறுபடி போடுங்க."

மறுபடி போட்டேன். மூன்றாவது தடவைதான் பொருந்தியது.